இடது கையைத் தூக்கினால் நிறுத்துவேன் என்றார்

இதை எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "டொக்டரைப் பற்றி எழுதப் போறீங்களோ, உங்களைப் பற்றி எழுதப் போறீங்களோ?" என்பதுதான். இரண்டு பேரைப் பற்றியும் என்றேன். "அப்ப அவரைப் பற்றி ரெண்டு வரி எழுதிப்போட்டு மிச்சத்தை உங்களைப் பற்றி எழுதுங்கோ" என்றாள். அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. அவருக்கு இரண்டு வரி போதாது. நடந்து நாலு மாதமாகிறது. கொழும்பில், காலி வீதியில் புதுக் கட்டடத்துக்கு யாரோ சுவர் துளைக்கும் சத்தம் கேட்டால் இன்னும் என் உள்ளங்கைகள் வியர்க்கின்றன. கோபமும் ஆறவில்லை.

என் மகளுக்குப் பதினொரு வயது. கீழ்த்தாடையில் வலது பக்கக் கடைவாய்ப் பல்லில் சூத்தை விழுந்து, நாங்கள் கவனிப்பதற்குள் உள்ளே நரம்பு வரைக்கும் போய்விட்டது. பாற்பல் என்றால் விட்டிருக்கலாம். இது போனால் திரும்ப முளைக்காத பல். காப்பாற்றலாம், ஆனால் வேரைத் துப்புரவாக்கி அடைக்க வேண்டும், இரண்டு தடவை வர வேண்டும் என்றார் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பல் வைத்தியர். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் கனகாலமாக இருப்பவர். இந்தப் பகுதித் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேரின் வாய்க்குள் அவருடைய கை போய் வந்திருக்கும். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

மகளுக்குப் பயம். அது என்னிடமிருந்து போனது. பல் வைத்தியரின் கதிரையைப் படத்தில் கண்டாலே வாயை மூடிக்கொள்கிற ஆள் நான். மனைவி வேலை செய்யும் வங்கியில் அந்தக் கிழமை லீவு தரமாட்டோம் என்றார்கள். ஆகவே பயந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு வீட்டில் அதிகம் பயந்தவனிடம் வந்தது.

பாட்டு யோசனை வந்தது பள்ளிக்கூடப் பெற்றோரின் வட்ஸப் குழுவிலிருந்து. ஒரு தாய் குரல் செய்தி அனுப்பியிருந்தார். தன் மகனுக்குக் காதில் பாட்டைப் போட்டுவிட்டுப் பல் அடைத்தார்களாம், ஊசி போட்டதே அவனுக்குத் தெரியாதாம். கீழே இருபது பேர் கை கூப்பியிருந்தார்கள். மனைவி அதை எனக்குப் போட்டுக் காட்டியபோது மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரமே அவள் தனக்குப் பிடித்த பாட்டுகளையெல்லாம் போனில் வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டாள். பயத்துக்கு நடுவில் அந்த ஒரு வேலையைத்தான் அவள் சந்தோசமாகச் செய்தாள். "நான் கேக்கிற பாட்டுகளைப் போடட்டா அப்பா?" என்று என்னிடம் அனுமதியும் கேட்டாள்.

இந்த இடத்தில் நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவளுக்கு மூன்று கிழமையில் சங்கீதப் பரீட்சை. வாய்ப்பாட்டு. ரீச்சர் வகுப்பில் நடக்கும் பாடத்தைப் போனில் பதிவு செய்து பெற்றோருக்கு அனுப்புவார். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளை சும்மா கிடக்கும் முக்கால் மணி நேரம் கண்ணில் பட்டால் பொறுக்காது. டியூசனுக்குப் போகும் பஸ்ஸில் பாடமாக்க ஒரு கொப்பி, கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது போன வருடத்து வினாத்தாள். அந்தப் பழக்கத்தில் ஊறிய மூளைக்கு ஒன்று தோன்றியது. பாட்டுத்தானே வேண்டும், சங்கீதமும் பாட்டுத்தானே. கதிரையில் கிடக்கும் நேரம் பரீட்சைக்குப் பாட வேண்டிய வர்ணமும் மனதில் பதிந்துவிடும். அவளுடைய வரிசை பிறகு கேட்கலாம் என்று சொல்லிவிட்டு ரீச்சரின் பதிவை ஏற்றினேன். அவள் "சரி" என்றாள். பிள்ளைகள் சரி என்றால் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். வேறு என்ன சொல்ல இடம் வைத்திருக்கிறோம் என்று யோசிப்பதில்லை.

வைத்தியரின் முன்னறையில், சுவரில் ஏற்றியிருந்த தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி முழுச் சத்தத்தில் ஓடியது. பல்வலியோடு காத்திருந்த எங்களுக்கு ஒருவர் நண்டு உடைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். ரிமோட்டைக் காணவில்லை என்றார்.

உள்ளே வைத்தியர் மகளோடு அன்பாகத்தான் கதைத்தார். அதை மறுக்கவில்லை. கதிரையைச் சாய்த்துவிட்டு அவளுடைய இடது கையைத் தொட்டுச் சொன்னார்: "நொந்தால் இந்தக் கையைத் தூக்குங்கோ பிள்ளை. நான் நிப்பாட்டிடுவன்."

"உடனேயோ?" என்று கேட்டாள் மகள். எதையும் ஒரு தரம் சரிபார்க்கிற பிள்ளை.

"உடனே" என்றார்.

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் வாயைத் திறந்தாள். விறைப்பதற்கு ஊசி போட்டபோது கண்ணை இறுக மூடினாள், கையைத் தூக்கவில்லை. பொறுக்கக்கூடியதைப் பொறுத்தாள். பிறகு நான் இயர்போன்களை இரண்டு காதிலும் செருகிப் பதிவைப் போட்டுவிட்டேன். உதவிக்கு நின்ற சிங்களப் பெண், இருபது வயதுதான் இருக்கும், "பய வெண்ட எப்பா நங்கி" என்று, பயப்படாதே தங்கச்சி என்பதைத் தன் மொழியில் சொல்லித் தலையைத் தடவிவிட்டாள். ட்ரில் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் மகளுடைய வலது கை அசையத் தொடங்கியது. தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பாட்டுக் காதில் விழுந்தால் கை சும்மா இருக்கக் கூடாது என்பது அவளுடைய ரீச்சரின் சட்டம். ஆறு வயதிலிருந்து அப்படிப் பழகிய கை. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ட்ரில்லுக்குள்ளும் ஆதி தாளம் பிசகவில்லை என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கழுத்தில் கட்டியிருந்த கடதாசித் துணி ஆடியது. பக்கத்துத் தட்டில் ஏதோ உரசிச் சத்தம் வந்தது. வைத்தியர் இரண்டு தரம் "கையை ஆட்டாதேங்கோ" என்றார். இயர்போன் போட்ட பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும்? மூன்றாம் தரம் அவர் என்னைப் பார்த்தார். "அப்பா, கையைப் பிடியுங்கோ. ரெண்டையும். வாய்க்குள்ள கூரான சாமான் இருக்கு."

ஆடியது வலது கை. பிடிக்கச் சொன்னது இரண்டையும். இந்த நாலு மாதத்தில் இந்த ஒரு விசயத்தை எத்தனை தரம் திருப்பித் திருப்பி யோசித்திருப்பேன் என்று தெரியாது. அப்போது நான் அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டொக்டர் சொன்னார், செய்தேன். கதிரையின் மறுபக்கம் போய்க் குனிந்து இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன்.

இடது கை என் கைக்குள் மேலே வரப் பார்த்தது. ஒரு தரமல்ல. பயத்தில் இழுக்கிறாள் என்று நினைத்தேன். பயந்த பிள்ளையை இறுகப் பிடித்தால் தைரியம் வரும் என்று நினைத்தேன். இன்னும் இறுக்கினேன். கண்ணோரத்தால் நீர் வழிந்து காதடிக்குப் போய் இயர்போனை நனைத்தது. அதைத் துடைத்துவிடக்கூட என்னிடம் ஒரு கை மிச்சமிருக்கவில்லை. உதவிக்கு நின்ற பெண் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

முடிந்ததும் வைத்தியர் முகமூடியைக் கழற்றிச் சிரித்தார். "கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு சத்தம் போடேல்லை." வாய்க்குள் குழாயும் பஞ்சும் கருவியும் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை சத்தம் போடும்? ஆனால் அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் ஒரு கையுறையை ஊதி, ஐந்து விரலும் விறைத்து நிற்கும் பலூனாக்கி, அதில் பேனையால் கண்ணும் வாயும் கீறிப் பரிசாக நீட்டினார். மகள் வாங்கவில்லை. நான்தான் வாங்கி, தற்காலிகமாக அடைத்திருப்பது இரண்டு கிழமைதான் தாங்கும், அதற்குள் வந்துவிட வேண்டும் என்று அவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று பின்னேரம் மனைவி வேலையால் வந்து, நொந்ததா என்று கேட்டாள். மகள் விறைப்புப் போகாத வாயால் மெல்லத்தான் சொன்னாள். தாய்க்குச் சொல்லவில்லை, எனக்குச் சொன்னாள்.

"நான் கை தூக்கினனான் அப்பா. நீங்கள் விடேல்லை."

இடது மணிக்கட்டில் என் விரல்கள் நாலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. மனைவி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

அடுத்த நாள் காலை ரயிலில் கோட்டைக்கு வேலைக்குப் போகும்போது அந்தப் பதிவை நான் முதல் தரமாகக் கேட்டேன். ஏற்றுவதற்கு முன் அதன் நீளத்தை மட்டும் பார்த்திருந்தேன், நாற்பத்தேழு நிமிடம், அளவாக இருந்தது. அது ரீச்சர் பாடிய பாட்டு மட்டும் இல்லை, வகுப்பு முழுதும் அதில் இருந்தது. மேசையில் தட்டும் சத்தம், பிறகு ரீச்சரின் குரல்: "கை எங்க இருக்கு, மனம் எங்க இருக்கு? திரும்ப." என் மகளின் சின்னக் குரல் திரும்பத் தொடங்கும். அதே இடத்தில் பிழைக்கும். "இல்லை. திரும்ப." பல்லுக்குள் கம்பி போய்க்கொண்டிருக்க, இரண்டு கையும் கட்டுண்டு கிடக்க, அவளுடைய காதுக்குள் அவளுக்கே பேச்சு விழுந்துகொண்டிருந்திருக்கிறது. பயம் போக்க நான் போட்டுவிட்ட மருந்து இதுதான். பம்பலப்பிட்டி தாண்டும்போது இயர்போனைப் பிடுங்கிவிட்டேன். ரீச்சர் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை. அவர் வகுப்பை வகுப்புக்காகப் பதிவு செய்தார். அதைப் பல் வைத்தியரின் கதிரைக்குக் கொண்டுபோனது அவரில்லை.

ஆனால் வைத்தியரை அப்படி விட என்னால் முடியவில்லை. அன்று வேலை முடிந்து வரும் வழியில், மனைவிக்குச் சொல்லாமல், அங்கே போனேன். பிள்ளைக்கு விறைப்பு முழுதாகப் பிடிக்கவில்லை, நொந்திருக்கிறது, கையைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கையைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். முதல் தரம் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான், அடுத்த தரம் சரிவரும் என்றார். நீங்கள் அவளுக்கு வாக்குக் கொடுத்தீர்கள் என்றேன்.

"பிடிச்சது நீங்கள்தானே?" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். சொல்ல வேண்டிய பதிலெல்லாம் ரயில் தண்டவாளம் வரைக்கும் நடந்த பிறகுதான் வந்தன. பிடிக்கச் சொன்னது நீங்கள். கையைத் தூக்கு என்று சொன்ன வாக்குக்கு ஒரு கை தேவை என்பது முப்பது வருடம் வேலை செய்த உங்களுக்குத் தெரியாதா? எனக்கு அது முதல் நாள். உங்களுக்கு எத்தனையாவது நாள்? அவர் இதையெல்லாம் கேட்கவில்லை. அந்த நேரம் போன மருதானை ரயிலும் கடலும்தான் கேட்டன.

வீட்டில் சொன்னால், சொந்தக்காரருக்குச் சொன்னால், எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வந்தது. பல்லுத்தானே. எங்களுக்கு அந்தக் காலத்தில் விறைப்பு ஊசியும் இல்லாமல் பிடுங்கினார்கள் என்று ஒரு பெரியம்மா சொன்னார், ஏதோ பட்டம் எடுத்தவர்போல. பிள்ளை அழாமல் இருந்தாளாமே, நல்ல வளர்ப்பு என்று இன்னொருவர் பாராட்டினார். எங்களுக்கு நோகிறது என்று சொல்லாத பிள்ளைதான் நல்ல பிள்ளை. அப்படி வளர்த்துவிட்டு, சொல்லச் சொல்லி ஒரு கையையும் கொடுத்துவிட்டு, அதையும் பிடித்து வைத்திருக்கிறோம்.

மகள் திரும்ப வரமாட்டேன் என்றாள். இரண்டு கிழமையும் போயிற்று. சோற்றை இடது பக்கத்தால் சப்பினாள். கேட்டால் நோவில்லை என்றாள். சங்கீத ரீச்சர் போன் எடுத்து, பிள்ளை பாடுகிறாள், தாளம் மட்டும் போடுகிறாளில்லை, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்றார். பரீட்சையில் அதற்குத் தனியாகப் புள்ளி இருக்கிறது என்றும் சொன்னார். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடந்த கையுறைப் பலூன் காற்றிறங்கி ஒரு விரல் மட்டும் நிமிர்ந்து நின்றது. மனைவி அதைக் குப்பையில் போட்டாள். அதற்கு அடுத்த நாள் காலை மகளுடைய வலது சொக்கை இலேசாக வீங்கியிருந்தது. இதற்கு மேல் பிந்தினால் அந்தப் பல் போய்விடும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்குப் போக முன் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து, பிழை என்னிலதான் என்றேன்.

"எந்தப் பிழை?" என்று கேட்டாள்.

கையைப் பிடித்தது என்றேன். அது மட்டும் இல்லை என்றாள். பாட்டு என்றேன். அவள் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே தலையை ஆட்டினாள். இன்னும் வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

என் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருப்பவர் கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர், எதையும் பகிடியாக்கித்தான் கேட்பார். நான் நடந்ததைச் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தார். "பல்லு புடுங்குறப்பவும் பரீட்சை வைக்கிறது உங்க வெள்ளவத்தை ஆளுங்கதான் சார்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். தன் மகளைக் கொண்டுபோகும் ஒரு பெண் பல் வைத்தியரின் இடத்தை எழுதித் தந்தார். சின்ன இடம், ஒரு கடைக்கு மேல் மாடி, ஆனால் அந்த அம்மா சொன்னால் சொன்னதுதான் என்றார்.

முதல் நாள் அந்த வைத்தியர் வீக்கத்தைப் பார்த்து மருந்து மட்டும் கொடுத்தார். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. அடுத்த சனிக்கிழமை வேலையை வைத்துக்கொண்டார். கதிரையில் ஏறுவதற்கு முன் மகள் அவரைப் பார்த்து, என்னைப் பார்க்காமல், "அப்பா வெளியில இருக்கவேணும்" என்றாள். வைத்தியர் என் பக்கம் திரும்பினார். ஓம் என்றேன்.

பாட்டுக் கேட்கிறீர்களா, என்ன வைத்திருக்கிறீர்கள் என்று வைத்தியர் அவளிடம் கேட்டார். மகள் போனை அவருக்கு மட்டும் தெரியும்படி பிடித்துக் காட்டினாள். அவர் ஏதோ ஒன்றைக் கண்டு சிரித்தார். "ஒரு காதில மட்டும் போடலாமோ? மற்றக் காதால நீங்கள் சொல்லுறதைக் கேக்கவேணும்" என்றாள் மகள். தாராளமாகப் போடலாம் என்றார். நொந்தால் கை தூக்குவதைப் பற்றி அவர் சொல்லத் தொடங்க, மகள் தன் இரண்டு கையையும் பார்த்தாள்.

"ரெண்டு கையும் உங்களோடதுதான். இந்த ரூமுக்குள்ள யாரும் அதைத் தொட மாட்டாங்க" என்றார் வைத்தியர்.

நான் வெளியே போட்டிருந்த மர வாங்கில் இருந்தேன். இங்கே தொலைக்காட்சி இல்லை. கதவு மெல்லிய பலகை. ட்ரில் தொடங்கியது கேட்டது. என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் வைத்தேன், எடுத்தேன், முழங்காலில் வைத்தேன்.

பிறகு ட்ரில் நின்றது. உள்ளே ஏதோ கதைத்தார்கள். மகள் வாய் நிறையப் பஞ்சோடு ஏதோ சொன்னது கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. இன்னொரு விறைப்பு ஊசி போடுகிறார்கள் என்று விளங்கியது. திரும்பத் தொடங்கியது. திரும்ப நின்றது. மணிக்கூட்டைப் பார்த்தேன். அந்த ஊசியை விட்டால், ஒவ்வொரு தரமும் அரை நிமிடம், கூடிப்போனால் முக்கால் நிமிடம். இதைத்தானா கொடுக்க மாட்டேன் என்றீர்கள்? அந்த வாங்கில் இருந்துகொண்டு வெள்ளவத்தை வைத்தியரோடு மனதுக்குள் நான் போட்ட சண்டை நடுத்தெருவில் போட்டிருந்தால் பொலிஸ் வந்திருக்கும். முக்கால் மணி நேரத்தில் ஐந்து தரம் நின்றது. ஐந்தையும் எண்ணினேன். ஐந்து தரம் நின்ற பிறகும் வேலை முடிந்தது, பல் இருந்த இடத்தில் இருந்தது, யாருடைய நேரமும் நாசமாகவில்லை.

வெளியே வந்தவளின் சொக்கை ஒரு பக்கம் தொங்கியது. கண் ஈரமாக இருந்தது, ஆனால் வந்தவுடன் அவள் கேட்டது ஐஸ்கிரீம் எப்போது சாப்பிடலாம் என்பது. விறைப்பு விட்ட பிறகு என்று வைத்தியர் உள்ளேயிருந்து சொன்னார். படியிறங்கித் தெருவுக்கு வந்து ஓட்டோ மறித்து ஏறினோம். ஓட்டோ நகர்ந்த பிறகு, அஞ்சு தரம் நின்றது, அவ்வளவு நொந்ததா என்று கேட்டேன்.

"நாலு தரம்தான் நொந்தது" என்றாள், சரியாக உச்சரிக்க முடியாமல். "ஒருக்கா சும்மா தூக்கினனான்."

"என்னத்துக்கு?"

"நிப்பாட்டுறாவோ எண்டு பாக்க."

ஓட்டோ இரண்டு வளைவு திரும்பிவிட்டது.

"நிப்பாட்டினவவோ?"

"ஓம். உடனே" என்று சொல்லிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த மற்ற இயர்போனையும் எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள்.